கடற்கரை ஒலிகளைக் கொண்டு மின்னணு இசை அமைத்தல்: முதல் பதிவு முதல் இறுதிக் கோப்பு வரை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை போன்ற ஊர்களில் இருந்துகொண்டு, ஒரு லேப்டாப்பையும் ஒரு கைபேசியையும் வைத்து, நான்கு நிமிட அளவுள்ள மின்னணு இசைத்துண்டு ஒன்றை முழுமையாக முடிக்க விரும்புபவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. இசை மென்பொருளில் ஒரு ட்ராக்கைத் திறப்பதும் ஒலியை வெட்டி ஒட்டுவதும் ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். மென்பொருளைத் திறந்ததும் ஒரு கிக் (அடித்தள டிரம் அடி), அதன் மேல் ஒரு ஹை-ஹாட் (மெல்லிய தட்டு ஒலி), பிறகு ஒரு பேஸ் (தாழ்சுர இழை) என்று அடுக்கி எட்டு பார் (தாளச் சுற்று) நீளமுள்ள லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டு) ஒன்றைச் செய்கிறார்கள். அது நன்றாகவும் இருக்கிறது. அதை வாரக்கணக்கில் மெருகேற்றிக்கொண்டே இருக்கிறார்கள். துண்டு முடிவதில்லை. திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. மிக்ஸிங்கில், அதாவது ஒலிகளைச் சமன்செய்து சேர்க்கும் கட்டத்தில், எடுக்க வேண்டிய முடிவுகளை இசையமைக்கும்போதும், பதிவின்போது எடுத்திருக்க வேண்டிய முடிவுகளை மிக்ஸிங்கிலும் எடுப்பதால் வேலை சுற்றிச் சுற்றி வருகிறது. ஆகவே கீழே உள்ள வரிசையை முதல் துண்டுக்காவது மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

8 ஜிபி நினைவகம் கொண்ட லேப்டாப் போதும். மென்பொருளைப் பொறுத்தவரை எதில் உங்கள் நண்பருக்குப் பழக்கம் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வரும்போது கேட்க ஒரு ஆள் இருப்பது எந்த வசதியையும்விடப் பெரிது. ரீப்பரை 60 நாள் முழு வசதியுடன் சோதித்துப் பார்க்கலாம். எல்எம்எம்எஸ் முற்றிலும் இலவசம். எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் வேலையைச் சேமிக்க முடியும், ஆனால் உரிமம் வாங்கும் வரை சேமித்ததை மீண்டும் திறக்க முடியாது; இது தெரியாமல் இரவெல்லாம் வேலை செய்துவிட்டுக் காலையில் திகைத்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சிந்தசைசருக்கு, அதாவது ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் கருவிக்கு, வைட்டல் அல்லது சர்ஜ் எக்ஸ்டி ஆகிய இரண்டில் ஒன்று மட்டும் போதும், இரண்டுமே விலையில்லாமல் கிடைக்கின்றன. ஒன்றுக்கு மேல் நிறுவ வேண்டாம். மிடி கீபோர்டு (வாசிக்கும் சுரத்தைக் கணினிக்கு அனுப்பும் விசைப்பலகை) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுரங்களைச் சுட்டியால் வரைந்துகொள்ளலாம்.

ஹெட்ஃபோன் கம்பி இணைப்புள்ளதாக இருக்க வேண்டும். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி நூறு மில்லி விநாடிக்கு மேல் தாமதித்து வரக்கூடும் என்பதால், நீங்கள் தட்டிய தாளம் சரியாக இருந்தும் தவறாகக் கேட்கும். அதே காரணத்தால் வாசித்துப் பதியும்போது மென்பொருளின் பஃபர் (ஒலியை இடையில் தேக்கி வைக்கும்) அளவை 128 சாம்பிளுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்; 48,000 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 2.7 மில்லி விநாடி. மிக்ஸிங்குக்கு வரும்போது 1024-க்கு ஏற்றிவிடுங்கள், அப்போது தாமதம் 21 மில்லி விநாடியாகும் என்றாலும் லேப்டாப் திணறாது.

பதிவுக்குக் கையடக்க ரெக்கார்டர் சிறந்தது, கைபேசியும் உதவும். எதுவானாலும் மைக்கை மூடும் பஞ்சு உறையோ ரோம உறையோ கட்டாயம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் பருத்தித் துணி ஒன்றையும் அந்தப் பையிலேயே வைத்திருங்கள்.

2. இசை எதைப் பற்றியது என்பதை ஒரே வரியில் எழுதுதல்

மென்பொருளைத் திறக்கும் முன், ஒரு தாளில் ஒரு வரி எழுதுங்கள். "கடல்" என்று எழுதினால் அது வரியாகாது, அதில் எதுவும் நடக்கவில்லை. "விடியுமுன் வள்ளம் கிளம்புவதிலிருந்து கரையில் ஏலம் முடிவது வரை" என்பது வரி, ஏனெனில் அதற்கு ஒரு தொடக்க நிலையும் ஒரு இறுதி நிலையும் நடுவில் ஒரு மாற்றமும் உள்ளன. பின்னர் ஏழாவது படியில் துண்டின் வடிவத்தை முடிவு செய்யும்போது இந்த மாற்றம்தான் கைகொடுக்கும்.

அந்த வரிக்குக் கீழே எட்டு ஒலிகளின் பெயர்களை மட்டும் எழுதுங்கள். இன்ஜின், ஐஸ் உடைத்தல், பனையோலைச் சலசலப்பு, வள்ளத்தின் பக்கப் பலகையில் அலை அறைவது, ஏலக்குரல் என்பது போல. ஒன்பதாவது ஒலி வேண்டுமென்றால் எட்டில் ஒன்றை அடிக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு கடுமையாகத் தோன்றும். ஆனால் இருநூறு ஒலிகளோடு திரும்பி வருபவர் எதையும் கேட்பதில்லை.

3. பதிவு செய்தல்

காற்றுதான் இந்தக் கரையில் முதல் எதிரி. மைக்கில் அறையும் காற்றின் ஒலியைப் பின்னால் எந்த மென்பொருளாலும் சுத்தமாக நீக்க முடியாது, ஏனெனில் அது மற்ற ஒலிகளின் மேல் படிவதோடு நிற்காமல் மைக்கின் சவ்வையே அலைக்கழித்து ஒலியைச் சிதைக்கிறது.

நமக்கு ஒரு வசதி உண்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் என்று இரண்டு கடல்கள் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) பிடிக்கும் மாதங்களில் நிலைமை தலைகீழாகும். ஆகவே கச்சான் காலத்தில் மெல்லிய ஒலிகளுக்கு மண்டபம் வடக்குப் பக்கத்துக்கும், வலிய அலைகளுக்குப் பாம்பன் தெற்குவாடிப் பக்கத்துக்கும் செல்லுங்கள். எந்தக் காலத்திலும் விடியற்காலையே நல்ல நேரம். வெயில் ஏறியபின் கடற்காற்று எழுந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கிளம்பாது என்பதால், அலை, பறவை, ஓலை போன்ற ஒலிகளை அப்போது எடுத்து வைத்துக்கொள்ளலாம். விசைப்படகு இன்ஜினும் இறங்குதுறைப் பரபரப்பும் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும்.

அமைப்புகள்: 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்கட்டும். 24 பிட் பதிவைப் பின்னால் தயக்கமின்றி உயர்த்தலாம், ஆனால் உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியை மீட்க முடியாது. அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கைபேசியில் இரைச்சல் நீக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். அது தொடர்ச்சியாக ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்றே கருதும், அலையும் இன்ஜினும் தொடர்ச்சியாகத்தான் ஒலிக்கின்றன. கைபேசியோடு வரும் சாதாரணப் பதிவுச் செயலியில் எடுத்த கடல், தண்ணீர்க் குழாய் ஒழுகுவது போலக் கேட்பதற்கு இதுவே காரணம். இந்த வசதிகளை அணைக்க இடம் தரும் செயலியாகத் தேடிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஒலியையும் இருமுறை எடுங்கள்: ஒரு முழத் தொலைவில் ஒன்று, பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒன்று. அருகில் எடுத்தது தாளத்துக்கும் தள்ளி எடுத்தது சூழலுக்கும் பயன்படும், ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது கடினம். பதிவின் தொடக்கத்தில் இடம், நேரம், காற்றின் நிலை ஆகியவற்றை வாயால் சொல்லிவிடுங்கள்.

இன்ஜினுக்குக் குறைந்தது இரண்டு நிமிடம் தேவை. ஏன் என்பது ஐந்தாவது, ஆறாவது படிகளில் விளங்கும். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. "அண்ணே, ஒரு ரெண்டு நிமிஷம் ஆக்சிலேட்டர் கொடுக்காம சும்மா ஓட விடுறீங்களா, பதிஞ்சுக்கிறேன்" என்றால், "ரிப்பேரான இன்ஜின் சத்தம் உனக்கு எதுக்குப்பா" என்று சிரித்துக்கொண்டே ஓட விடுவார்கள். அந்த இரண்டு நிமிடமும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஐஸ் உடைக்கும் இடத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நில்லுங்கள். ஐஸ் பாரின் மேல் மரச்சுத்தியல் விழும் ஒரு அடியைக் கூர்ந்து கேட்டால் மூன்று ஒலிகள் அடுத்தடுத்து வரும். முதலில் மரம் மோதும் மொத்தென்ற சத்தம். உடனே உள்ளே விரிசல் ஓடும் கூர்மையான வெடிப்பு. பிறகு சில்லுகள் பெட்டிக்குள் உதிரும் சலசலப்பு. கிக், ஸ்னேர், ஹை-ஹாட் மூன்றும் ஒரே அடியில் கிடைத்துவிடுகின்றன. சுத்தியல் ஓயும் இடைவெளி உள்ள அடிகளாகப் பார்த்து எடுங்கள், அடிகள் நெருக்கமாக விழுந்தால் சில்லுகளின் ஒலியைத் தனியே பிரிக்க முடியாது.

சில எல்லைகள் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது. பாம்பன் பாலத்தின் மேல் கருவிகளை விரித்து நிற்பதும் வேண்டாம். ரயில் கடக்கும் ஒலி கரையிலிருந்தே தெளிவாகக் கிடைக்கும். ஏலம் போடுபவர், பாசி எடுத்துத் திரும்பும் பெண்கள், வலை இழுக்கையில் அம்பாப் பாடும் பெரியவர்கள் ஆகியோரின் குரலை எடுப்பதற்கு முன் எதற்கு என்று சொல்லி ஒப்புதல் பெறுங்கள். பள்ளிவாசல் பாங்கையோ கோவில் மணியையோ துண்டு துண்டாக வெட்டித் தாளமாக்குவதை நான் ஆதரிப்பதில்லை. பின்னணியில் தானாக வந்து விழுந்தால் அது வேறு.

வீடு திரும்பியதும் கருவியை உலர்ந்த துணியால் துடையுங்கள், உப்பு ஓரிரவில் இணைப்பு முனைகளில் ஏறிவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து நேராகக் கரைக்குப் போனால் மைக்கில் நீர் பூக்கும். பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளிக்காற்றில் வைத்திருந்து பிறகு எடுங்கள்.

4. கேட்டு வெட்டிப் பெயரிடுதல்

பதிவு செய்த அன்றே இதைச் செய்ய வேண்டும். எந்த ஒலி எதற்காக எடுக்கப்பட்டது என்பது இரண்டு நாளில் மறந்துவிடும்.

மூலக் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்துவிட்டு, நகல்களில் மட்டும் கை வையுங்கள். வெட்டும்போது அலைவடிவம் நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டி, இரு முனைகளிலும் 5 மில்லி விநாடி அளவுக்கு ஒலியை மெதுவாக எழவும் அடங்கவும் விடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் 'டிக்' என்ற சத்தம் கேட்கும். பலர் அதை ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பெயர்கள் "பதிவு 14" என்று இருக்கக் கூடாது. "ஐஸ்-மொத்து-அருகில்", "ஓலை-தள்ளி-வாடை" என்று இருக்கட்டும். பிறகு தாளத்துக்கு உரியவை, சுரத்துக்கு உரியவை, சூழலுக்கு உரியவை என்று மூன்று கோப்புறைகளில் பிரியுங்கள். எதிலும் அடங்காததை இந்தத் துண்டுக்கு எடுக்க வேண்டாம்.

5. வேகத்தையும் தாளத்தையும் நிறுவுதல்

மென்பொருளைத் திறந்ததும் அது ஒரு வேகத்தையும் (பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை), நான்குக்கு நான்கு என்ற அளவையும் தானே முடிவு செய்து வைத்திருக்கும். அதை அப்படியே ஏற்றுக்கொள்வது புதியவர்களிடம் நான் அதிகம் காணும் தவறு. வேகத்தைப் பதிவிலிருந்தே எடுங்கள்.

ஒற்றை சிலிண்டர் நான்கு வீச்சு டீசல் இன்ஜினில் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை எரிபொருள் வெடிக்கிறது. அந்த வெடிப்புதான் நமக்குக் கேட்கும் 'டக் டக்'. இன்ஜின் பதிவில் 10 விநாடியை அளந்து, அலைவடிவத்தில் தெரியும் முகடுகளை எண்ணுங்கள். எடுத்துக்காட்டாக 72 முகடுகள் வந்தால், நிமிடத்துக்கு 432 வெடிப்புகள். நான்கு வெடிப்புகளை ஒரு எண்ணிக்கையாகக் கொண்டால் 432-ஐ நான்கால் வகுத்து 108 பிபிஎம் கிடைக்கும். இப்போது மென்பொருளின் வேகத்தை 108-ல் வைத்தால், இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்பும் கால் எண்ணிக்கைக்கு ஒன்றாகக் கட்டத்தில் வந்து உட்காரும். உங்கள் தாள வரிசையின் ஹை-ஹாட் வேலையைப் பாதி அதுவே பார்த்துக்கொள்ளும்.

முற்றிலும் துல்லியமாக உட்காராது. சும்மா ஓடும் இன்ஜின் சற்றே தயங்கி ஓடும். அந்தத் தயக்கத்தை விட்டுவைக்க வேண்டும். நான்கு பாருக்கு ஒருமுறை மட்டும் முதல் வெடிப்பைக் கட்டத்தோடு ஒட்டி வையுங்கள், நடுவில் உள்ளவற்றைத் தொடாதீர்கள். எல்லா வெடிப்பையும் கட்டத்துக்கு இழுத்துவிட்டால் அது இன்ஜினாக இல்லாமல் தையல் மெஷினாகிவிடும்.

அடுத்து தாளத்தின் அமைப்பு. முதல் துண்டுக்கு நான்கின் நடையே எளிது. ஆனால் ஒயிலாட்டத்திலும் தப்பாட்டத்திலும் காதில் ஊறிய திஸ்ர நடை (மூன்றின் நடை) வேண்டுமென்றால், கட்டத்தைப் பதினாறாகப் பிரித்துவிட்டு அதில் மும்மூன்றாக வரைய முயலாதீர்கள். மென்பொருளில் மூன்றாகப் பிரிக்கும் கட்டம் தனியே உள்ளது, அதைத் தேர்ந்தெடுங்கள். மிஸ்ர சாபு வேண்டுமென்றால் அளவை ஏழுக்கு எட்டு என்று மாற்றி, 3, 2, 2 என்று அழுத்தங்களை வையுங்கள்.

கிக் ஒலிக்கு ஐஸின் மொத்தென்ற சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடித்தளம் போதாது என்பதால், சிந்தசைசரில் ஒரு தூய சைன் அலையை 58 ஹெர்ட்ஸில் வைத்து, 150 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடுமாறு அதன் கீழே சேருங்கள். 58 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த படியில் பார்ப்போம். இரண்டும் ஒரே கணத்தில் தொடங்குகின்றனவா என்பதை அலைவடிவத்தைப் பெரிதாக்கிச் சரிபாருங்கள். ஒன்று மேலே எழும்போது மற்றொன்று கீழே இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அப்படியானால் ஒன்றின் துருவத்தை மாற்றும் பொத்தானை அழுத்துங்கள்.

6. சுருதி, பேஸ், இராகம்

அதே இன்ஜினிலிருந்து சுருதியையும் எடுக்கலாம். விநாடிக்கு 7.2 வெடிப்பு என்பது காதுக்குத் தாளமாகக் கேட்கிறது. அதை 16 மடங்கு வேகமாக ஓடவிட்டால், அதாவது நான்கு ஸ்தாயி உயர்த்தினால், விநாடிக்கு 115.2 அதிர்வாகிச் சுரமாகக் கேட்கும். ஆறரைக் கட்டைச் சுருதியின் ஷட்ஜம் ஒரு ஸ்தாயியில் 116.5 ஹெர்ட்ஸ். ஏறத்தாழ 20 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயர்த்தினால் சேர்ந்துவிடும். 16 மடங்கு வேகத்தில் ஒரு நிமிடப் பதிவு நான்கு விநாடிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். இரண்டு நிமிடம் பதிவு செய்யச் சொன்னதற்கு இதுவே காரணம். இன்ஜினின் தயக்கம் இப்போது சுரத்தின் மெல்லிய அசைவாக மாறியிருக்கும். கிக்கின் கீழே வைத்த 58 ஹெர்ட்ஸ் இதே ஷட்ஜத்தின் கீழ் ஸ்தாயிதான், எனவே கிக்கும் பேஸும் மோதாது.

உங்கள் இன்ஜினுக்கு வேறு எண்கள் வரும். கணக்கு இதுதான்.

இராகத்துக்கு முதல் முறை ஐந்து சுரங்களுக்கு மேல் வேண்டாம். மோகனமோ சுத்த சாவேரியோ எடுத்துக்கொண்டால் எந்த இரண்டு சுரம் சேர்ந்து ஒலித்தாலும் காதைக் குத்தும் அரைச்சுர இடைவெளி வராது. மேற்கத்திய கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) வரிசையாக அடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும்: கார்டு மாறும்போது இராகத்தில் இல்லாத சுரம் ஒன்று நுழைந்துவிடும். ஷட்ஜ பஞ்சமத்தைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு, அதன் மேல் ஒற்றை இழையாக மெட்டை ஓடவிடுவது பாதுகாப்பானது.

சிந்தசைசரில் சுரங்களைச் சுட்டியால் வரைந்தால் படிக்கட்டில் இறங்குவதாகத்தான் கேட்கும். ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் முறைக்கு மாற்றி, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் நேரத்தை 60 முதல் 120 மில்லி விநாடிக்குள் வையுங்கள். எல்லாச் சுரத்துக்கும் இது வேண்டாம். வரைந்த சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும் இடத்தில் மட்டும் வழுக்குமாறு பெரும்பாலான சிந்தசைசர்களில் அமைக்க முடியும். கமகம் (சுரத்தின் அசைவு) எங்கே வேண்டும் என்பதை வாயால் பாடிப் பார்த்துத் தீர்மானியுங்கள். பாட வராத மெட்டை வரையவும் வேண்டாம் என்பது என் கருத்து.

சூழலுக்கான நீண்ட ஒலிக்கு, அலை அறையும் ஒலியின் மூன்று விநாடியை எடுத்து ஆடாசிட்டியில் உள்ள பால்ஸ்ட்ரெட்ச் வசதியால் பத்து மடங்கு நீட்டுங்கள். அலையில் சுரம் இல்லை என்பதால், நீட்டியதன் மேல் ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் குறுகலான இரண்டு ஃபில்டர்களை (ஒலி வடிகட்டிகளை) வைத்தால் அது சுருதியோடு சேரும்.

7. லூப்பை விட்டு வெளியேறி வடிவம் கொடுத்தல்

இங்கேதான் துண்டுகள் பெரும்பாலும் நின்றுபோகின்றன. இதுவரை உங்களிடம் இருப்பது எட்டு பார் லூப்தான். அதை இன்னும் மெருகேற்ற வேண்டும் என்று கை பரபரக்கும். கூடாது. லூப் எழுபது சதவீதம் சரியாக இருக்கும்போதே வடிவத்துக்குப் போய்விட வேண்டும். ஆயிரம் முறை கேட்டுச் சலித்த பிறகு எந்த மாற்றமும் காதில் விழாது.

நான்குக்கு நான்கு அளவில் 108 பிபிஎம் வேகத்துக்கு நான்கு நிமிடம் என்பது சரியாக 108 பார். லூப்பை அத்தனை பாருக்கும் நகலெடுத்து முழு நீளத்தையும் நிரப்பிவிடுங்கள். பிறகு நீக்கத் தொடங்குங்கள். வெற்றுத் திரையில் எதைச் சேர்ப்பது என்று தேடுவதைவிட, நிறைந்திருப்பதிலிருந்து எது இந்த இடத்தில் வேண்டாம் என்று கேட்பது எளிது.

இரண்டாம் படியில் எழுதிய வரியை எடுங்கள். வள்ளம் கிளம்புவது முதல் ஏலம் முடிவது வரை என்றால், முதல் 16 பாரில் நீட்டிய அலையும் தூரத்து இன்ஜினும் மட்டும் இருக்கட்டும், இன்ஜினின் மேல் ஃபில்டர் மூடியிருந்து மெல்லத் திறக்கட்டும். 17-ல் கிக் வரலாம், 25-ல் பேஸ், 33-ல் மெட்டின் முதல் பாதி. 41 முதல் 48 வரை கிக்கை முழுவதும் நிறுத்திவிடுங்கள், இன்ஜின் அணைந்து வள்ளம் நடுக்கடலில் நிற்கும் இடம் அது. 49-ல் எல்லாம் திரும்பி வரும், ஐஸ் ஒலிகளோடு. 73-ல் ஏலக்குரல் நுழையும்; 89 முதல் தாள ஒலிகள் ஒவ்வொன்றாக விலகி, குரல் மட்டும் மிஞ்சட்டும்.

எட்டு பாருக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று மாற வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்துக்கொள்ளலாம். மாற்றம் என்றால் புது ஒலி என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படிப் போனால் எட்டு ஒலி நாற்பதாகும். இருக்கும் ஒலியின் ஃபில்டரைத் திறப்பது, ஒரு ஸ்தாயி இறக்குவது, கடைசி இரண்டு அடியை நிறுத்துவது, இடப்பக்கம் கேட்டதை நடுவுக்குக் கொண்டுவருவது ஆகிய எல்லாமே மாற்றங்கள்தான். ஏலக்குரலைப் பொறுத்தவரை, எண்கள் ஏறிக்கொண்டே போகும் ஒரு நீண்ட ஓட்டத்தை வெட்டாமல் வைப்பது நல்லது. ஏலம் போடுபவரின் மூச்சுக்கே ஒரு நடை இருக்கிறது, ஒற்றைச் சொல்லை வெட்டித் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் அந்த நடை போய்விடும், அவரைக் கேலி செய்வது போலவும் ஆகும்.

வடிவம் முடிந்ததும் லேப்டாப் மூடியைக் கவிழ்த்துவிட்டு, கண்ணால் பார்க்காமல் தொடக்கம் முதல் இறுதி வரை ஒருமுறை கேளுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் அடுத்து வருவது முன்பே தெரிந்துவிடுவதால் அலுப்பான இடங்கள் புலப்படுவதில்லை. மூடியைக் கவிழ்த்தால் லேப்டாப் உறங்கிவிடும் என்றால் அந்த அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது கைபேசியில் ஏற்றிக் கேளுங்கள்.

8. மிக்ஸிங்

எல்லா ட்ராக்கின் ஒலியளவையும் கீழே இறக்கிவிட்டு, கிக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். வரிசை முக்கியம்: முதலில் அளவு, அடுத்து இடம் வலம், அதன் பிறகு இக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது), பிறகு கம்ப்ரசர் (உரத்த இடங்களை அடக்குவது), கடைசியில் ரிவெர்ப் (எதிரொலி சேர்ப்பது). அளவு சரியாக இல்லாதபோது இக்யூவைத் திருகினால், அளவில் தீர வேண்டியதை இக்யூவால் தீர்க்கப் பார்ப்பீர்கள். மொத்த வெளியீட்டின் உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும், மாஸ்டரிங்குக்கு, அதாவது முழுத் துண்டின் உரப்பை இறுதியாக ஒழுங்கு செய்வதற்கு, இடம் வேண்டும்.

கடலலையின் ஒலி தாழ்விலிருந்து உச்சம் வரை எல்லா அதிர்வெண்ணிலும் பரவியிருப்பது. தனியே கேட்க அழகாக இருக்கும். மற்றவற்றோடு சேர்ந்தால் குரலையும் ஹை-ஹாட்டையும் மூடிவிடும். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை அதைக் குறைத்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுவதும் வெட்டிவிடுங்கள். பிறகு கிக் அடிக்கும்போதெல்லாம் அலை சற்றே தாழுமாறு சைட்செயின் கம்ப்ரசரை இணையுங்கள்.

திறந்தவெளியில் எடுத்த ஒலிகளுக்கு ரிவெர்ப் போட வேண்டாம். அவற்றில் எதிரொலி இல்லாததுதான் அவற்றின் இடத்தைக் காட்டுகிறது. அலைக்கு ரிவெர்ப் சேர்த்தால் கலங்கல்தான் மிஞ்சும். மெட்டுக்கும் ஸ்னேருக்கும் மட்டும் கொஞ்சம் போதும்.

மின்விசிறி ஓடும் அறையில் மிக்ஸ் செய்பவர்கள் அலை ஒலியை எப்போதும் தேவைக்கு மேல் கூட்டி வைக்கிறார்கள், விசிறியின் இரைச்சல் அதை மறைப்பதால். புழுக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் சூழல் ஒலிகளின் அளவை முடிவு செய்யும் அந்தப் பத்து நிமிடத்துக்கு விசிறியை நிறுத்துங்கள்.

பிறகு மோனோவில் கேளுங்கள். நம் ஊரில் உங்கள் இசையை யாராவது கேட்டால் அது கைபேசியிலோ, ஆட்டோவிலோ, திருவிழாவின் குழாய் ஸ்பீக்கரிலோதான் இருக்கும். இடமும் வலமும் ஒன்றாகச் சேரும்போது ஒரு ஒலி காணாமல் போனால், அதன் அகலத்தைக் குறைக்க வேண்டும். 58 ஹெர்ட்ஸ் கிக் கைபேசி ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அதற்குச் சற்றே சாச்சுரேஷன் (மெல்லிய ஒலிச்சிதைவு) சேர்த்தால் 116, 174, 232 என்று மேல் மடங்குகள் உண்டாகும். அவற்றைக் கொண்டு காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும்.

9. மாஸ்டரிங்கும் இறுதிக் கோப்பும்

மிக்ஸை 24 பிட் வேவ் கோப்பாக வெளியே எடுத்து, மறுநாள் புதிய ப்ராஜெக்டில் திறவுங்கள். அதே ப்ராஜெக்டில் மாஸ்டரிங் செய்தால் கை மீண்டும் மிக்ஸுக்குத்தான் போகும்.

இங்கே செய்ய வேண்டியது குறைவு. கடைசியில் ஒரு லிமிட்டரை (ஒலி வரம்பைத் தாண்டாமல் தடுப்பதை) வைத்து, உச்ச வரம்பை மைனஸ் 1 டெசிபெலில் நிறுத்துங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாடல்களின் உரப்பை மைனஸ் 14 லஃப்ஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்கின்றன. மைனஸ் 7 லஃப்ஸ் வரை நசுக்கிக் கொடுத்தால் அவர்கள் இறக்கித்தான் ஒலிபரப்புவார்கள், நசுங்கியது மட்டும் மிஞ்சும். லிமிட்டர் மூன்று டெசிபெலுக்கு மேல் இறக்கிக்கொண்டிருந்தால் மிக்ஸில்தான் ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது, அங்கே போய்ச் சரிசெய்யுங்கள்.

யாருடைய குரலைப் பயன்படுத்தினீர்களோ அவரிடம், வெளியிடும் முன் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். பதிவுக்குத் தந்த ஒப்புதல் வேறு, இப்படி அமைந்திருப்பதற்குத் தரும் ஒப்புதல் வேறு. வேண்டாம் என்றால் அந்த ட்ராக்கை நீக்கி மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், தாளம், பேஸ், மெட்டு, குரல், சூழல் என்று ஐந்து தனிக் கோப்புகளாகவும் வெளியே எடுத்து வைத்திருங்கள். மென்பொருள் மாறினாலும் ப்ளக்இன் (துணை மென்பொருள்) திறக்காமல் போனாலும் இந்த ஐந்து கோப்புகள் திறக்கும். மூலப் பதிவுகள், ப்ராஜெக்ட், இந்தக் கோப்புகள் ஆகியவற்றை லேப்டாப்பைத் தவிர வேறொரு வட்டிலும் நகலெடுங்கள்.

வெளியே எடுத்த இறுதிக் கோப்பை, மென்பொருளில் அல்லாமல் சாதாரண இசைச் செயலியில் முழுவதும் ஒருமுறை ஓடவிடுங்கள். கடைசிச் சுரத்தின் ரிவெர்ப் அடங்கும் முன் கோப்பு துண்டிக்கப்பட்டிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அப்படி இருந்தால் வெளியீட்டு எல்லையை இரண்டு பார் நீட்டி மீண்டும் எடுங்கள்.